அந்தச் செடியின் பெயரை எழுதமாட்டேன், பாக்கியம்

என் தங்கமே பாக்கியம்,

அன்றைக்கு உன் நிலக்கோட்டை வீட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கட்டிலில் நீ. கால்மாட்டில் உன் வீட்டுக்காரர் சடையாண்டி. பள்ளிக்கூடச் சீருடையோடு உன் மகள் ரேவதி. கதவில் சாய்ந்தபடி நான். நடுவில் நாற்காலி போட்டு உன் கொழுந்தன். அவன் பெயரைக் கடைசியில் எழுதுவேன்.

மார்பில் வந்த கட்டிக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை மருந்து ஏற்றி வந்திருந்தாய். தலையணை முழுக்க முடி. ஊருக்கெல்லாம் மல்லிகை ஏற்றி அனுப்பியவள், ஒரு முழம் பூவைச் செருகத் தலையில் இடமில்லையே என்று அழுதாய். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் சொன்னான்: "மதினி, அந்த விசத்தை நிப்பாட்டுங்க. நான் பச்சிலை கொண்டாரேன். முடியும் போகாது, உசுரும் போகாது."

காசு கேட்கவில்லை. உன் தலையைப் பார்த்து நிஜமாகவே அழுதான். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். வேண்டாம் என்றது நான் ஒருத்திதான். "ஏன்க்கா, நான் பொழைச்சு வந்துருவேன்னு பொறாமையா?" என்று கேட்டாய். அந்த வார்த்தைக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. நான் அங்கே வந்து சேரும்போது நேரில் பேசிக்கொள்வோம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டு அவன் கசாயத்தைக் குடித்தாய். அடுத்த பூ சீசனுக்கு நீ இல்லை.

இத்தனை வருஷம் கழித்து எதற்கு எழுதுகிறேன் என்றால், பயமாக இருக்கிறது பாக்கியம்.

உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பூக்காட்டில் திரிந்தாளே என் பேத்தி சங்கீதா, அவள் இப்போது கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். மூலிகையில் இருக்கும் சத்தைப் பிரித்தெடுத்து, அது புற்றுநோயை என்ன செய்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. போயும் போயும் உன் கொழுந்தனின் பச்சிலையையே அவள் எடுத்துக்கொண்டாள். "சின்ன அப்பத்தா குடிச்சது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள். நான் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. நத்தம் பக்கத்துக் கரட்டுமலைக்கு அவனே போய், செடிக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, மன்னிப்புக் கேட்டு, ஆணிவேர் அறாமல் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் செடியின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால், இதைப் படிக்கிற யாராவது போய்ப் பறிப்பார்கள்.

சங்கீதா அதை நிழலில் காயவைத்து, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுச் சாறு இறக்கினாள். குழிப்பணியாரக் கல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டாம், பொடிப் பொடிக் குழிகளாம். குழிக்குள் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, சாற்றைச் சொட்டுவிட்டு, பிறகு ஒரு மஞ்சள் மருந்தை ஊற்ற வேண்டும். செல் உயிரோடு இருந்தால் அது ஊதாவாக மாறும். செத்திருந்தால் மஞ்சளாகவே கிடக்கும்.

மஞ்சளாகவே கிடந்தது.

சந்தோஷத்தில் பிள்ளை ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். உன் கொழுந்தன் அதை ஊர் முழுக்க அனுப்பினான். உன் வீட்டுக்காரர் போன் போட்டு அழுதார். நான் போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது சரி என்றால் நீ ஏன் செத்தாய்?

இதற்கு நடுவே ரேவதியைப் பார்க்க வடமதுரைக்குப் போனேன். அவளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியாதா? நீயும் அப்படித்தானே மூடினாய்.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. சின்னக் கட்டி. வலியே இல்ல."

"டாக்டரைப் பாத்தியா?"

"எதுக்கு? அதான் சங்கீதா கண்டுபிடிச்சுட்டாள்ல. அது மருந்தா வர்றவரைக்கும் சித்தப்பா கசாயம் தாராரு. அம்மா மாதிரி மொட்டைத் தலையோட நான் கெடக்கமாட்டேன்."

அடுப்பு மேடையில் நீ கசாயம் குடித்த அதே பித்தளைச் செம்பு இருந்தது பாக்கியம். உன் செம்பு.

சங்கீதாவுக்குப் போன் போட்டேன். அவள் பேருந்து பிடித்து வருவதற்குள் உன் கொழுந்தனும் பச்சிலை அடைத்த துணிப்பையோடு வந்து சேர்ந்தான். உள்ளே வந்த பிள்ளை நேராக ரேவதியிடம் போனாள்.

"அத்தை, நான் இன்னொரு தட்டும் வச்சேன். அதுல புற்று இல்லாத நல்ல செல்லு. அதுவும் மஞ்சளாத்தான் கெடக்கு. இந்தச் சாறு கெட்டது நல்லது பாக்காம எல்லாத்தையும் கொல்லுது. தட்டுல உப்பை அள்ளிப் போட்டாலும்தான் சாகும். இதை நம்பி நீங்க இருக்கக் கூடாது."

உன் கொழுந்தன் சிரித்தான். "ஆத்தா, நீ கத்தரிக்கோலு வச்சு அறுத்துருப்ப. காப்புக் கட்டாமப் பறிச்சா பச்சிலை அப்படித்தான் கோவிச்சுக்கிரும்."

"பறிச்சது நீங்கதான தாத்தா? அந்த மஞ்ச நூலு இன்னும் என் மேசையில கெடக்கு."

துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு, "அது தட்டுல. உடம்பு வேற" என்றான்.

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றாள் சங்கீதா. "ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்துல ஒண்ணு நித்தியகல்யாணிச் செடியில இருந்து எடுத்ததுதான். ஆனா அதுல எது மருந்து, எம்புட்டுக் குடுக்கலாம்னு கண்டுபிடிக்க எத்தனையோ பேரு, எத்தனையோ வருசம். உங்க செடியை நான் இப்பத்தான் தொட்டுருக்கேன். அத்தைக்கு அம்புட்டுக் காலம் காத்திருக்க முடியாது."

எல்லாம் கேட்டான். கேட்டுவிட்டு, பையை ரேவதியின் கையில் கொடுத்தான். "நீ குடி தாயி. உங்கம்மா பாதியில விட்டதாலதான் போனா."

நீ பாதியில் விட்டாயா பாக்கியம்? கடைசித் தம்ளரை உன் வாயில் ஊற்றியது யார் என்று எனக்குத் தெரியாதா? தொண்டையில் இறங்காமல் கன்னத்தில் வழிந்ததை நான்தானே துடைத்தேன்?

அதைத்தான் ரேவதியிடம் சொன்னேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அவனுடைய செருப்புப் பக்கத்தில் வைத்தாள். "பயமா இருக்கு பெரியம்மா" என்றாள். எனக்கும்தான் என்றேன்.

நீ குடித்தது உன்னை என்ன செய்தது என்று பிறகு சங்கீதாவிடம் கேட்டேன். "தெரியாது அப்பத்தா. தட்டை வச்சு அதைச் சொல்ல முடியாது" என்றாள். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லாததால்தான் அவளை நம்புகிறேன்.

நாளைக் காலையில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ரேவதிக்கு ஊசி குத்திச் சதையை எடுத்துப் பார்க்கிறார்கள். வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாமாம். இருக்குமா பாக்கியம்? அங்கிருந்து உனக்கு ஏதாவது தெரிகிறதா?

அப்படி இல்லாவிட்டால், மருந்து ஏற்றும் நாளெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முடி போனால் போகட்டும், மல்லிகையை அவள் மணிக்கட்டில் சுற்றிவிடுவேன். செம்போடு எவன் வந்தாலும் வாசற்படி ஏற விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் விஷயத்தில் அவனுக்குத் தெரியாது, பாவம் என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார். சரி, உனக்குச் செய்ததைக்கூட விட்டுவிடுகிறேன். எல்லாம் கேட்ட பிறகும் உன் மகள் கையில் அந்தப் பையைக் கொடுத்தானே, அதை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்த அக்கா அழகம்மா,
உன் கொழுந்தன் ராசாமணியை மன்னிக்காதவள்.