வயரில் தப்பில்லை

அண்ணாச்சி,

இன்று காலை கயத்தாறில் ஒரு குடோனுக்குள் நுழைந்ததும் சூடேறிய ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் இறந்த துஷ்டி கேட்க உங்கள் வீட்டுக்குப் போய்வந்து பதினைந்து நாள் ஆகிறது. அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அதற்கு மூன்று வருடத்துக்கு முந்திய அந்தச் சித்திரை மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். புதியம்புத்தூரில் அந்த ரெடிமேட் கம்பெனிக்கு வயர்லெஸ் போடும் வேலை எனக்கு வந்தது. இரண்டு தையல் ஹாலின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் சேர்த்துச் சிக்னல் தரும் பன்னிரண்டு பெட்டிகள், அவற்றை ஆள ஆபீஸ் அறையில் ஒரு கண்ட்ரோலர். ஆபீஸிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் வயர் இழுக்க முதலாளியே கோவில்பட்டியிலிருந்து உங்களை வரவழைத்திருந்தார். வீட்டு வயரிங்கும் மாவு மில் வயரிங்கும் செய்கிறவருக்கு இந்த வயரைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். அதை இனி மறைத்து என்ன பயன்?

ஒரு பெட்டிகூட நெட்வொர்க்கில் சேரவில்லை. கொஞ்ச நேரம் விளக்கு சிமிட்டும், அணையும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திங்கட்கிழமை சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. என்ன கோளாறு என்று முதலாளி கேட்டதும், கண்ட்ரோலரில் பதிவாகியிருந்த வரிகளைப் படித்துப் பார்க்காமலே, வயரில்தான் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

“நான் இழுத்தது சரியாத்தான் இருக்கு. நீங்க சொல்லுதீங்கன்னா மாத்திப் பாப்போம்,” என்றீர்கள்.

அந்த வெக்கையில் கூரைக்கடியில் ஏறிப் பழையதை உருவிப் புதியதை இழுத்தீர்கள். ஆறு பெட்டிகளுக்கு முடித்து ஏணியை நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான் நான் அந்த வரிகளைப் படித்தேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அது அசல்தான் என்று காட்ட ஒரு சான்று உண்டு. எந்தத் தேதியிலிருந்து அது செல்லும் என்றும் குறித்திருக்கும். கண்ட்ரோலரில் நான் தேதியே வைக்கவில்லை. அது இரண்டாயிரமாவது வருடத்திலேயே நின்றிருந்தது. அதன் கணக்கில் அந்தச் சான்றுகள் இன்னும் பிறக்கவே இல்லை; பன்னிரண்டையும் தள்ளிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. தேதியை மாற்றினேன். சில நிமிடத்தில் எல்லா விளக்கும் பச்சையாக நின்றது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, அப்ப வயர்தான் என்றார். நான் பேசாமல் இருந்தேன்.

கோவில்பட்டி பஸ்ஸில் உங்களிடம் மட்டும் சொன்னேன். நீங்கள் ஆச்சரியப்படவில்லை. “ஆறுக்குத்தான தங்கச்சி வயர் மாத்துனேன். பன்னெண்டும்லா எரிஞ்சுது,” என்றீர்கள். கொஞ்ச தூரம் போனபின், “எனக்குச் சொன்னது சரி. மொதலாளிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க. அடுத்த வேலைக்கு என்னையக் கூப்பிடணும்லா,” என்றீர்கள்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்தக் கம்பெனியில் எனக்கு இன்னும் வேலை இருந்தது. கெட்டபேர் வந்துவிடுமோ என்று பயம். முதலாளியின் மச்சினர் தன் தீப்பெட்டி ஆபீஸ் வயரிங்கை உங்களுக்குத் தராமல் தூத்துக்குடி ஆளுக்குக் கொடுத்தபோது காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதன்பின் என் வேலைக்கெல்லாம் உங்களையே கூப்பிட்டேன். நீங்களும் வந்தீர்கள். விளாத்திகுளம் வரை எத்தனை நாள் ஒரே வண்டியில் போனோம். அந்தப் பேச்சை நீங்கள் மறுபடி எடுக்கவே இல்லை.

துஷ்டி வீட்டில் அந்த முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். உங்களைப் புகழத்தான் செய்தார். ஒருதடவை வயர் தப்பாகிப் போனதையும், நீங்கள் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்ததையும் எல்லோருக்கும் சொன்னார். உங்கள் வீட்டம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வயர்ல தப்பில்ல சார். தேதி வைக்காம விட்டது நான். அன்னைக்குச் சொல்லப் பயந்துட்டேன்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சற்று நேரத்தில் எழுந்து போனார்.

வாசல்வரை வந்த வீட்டம்மா என் கையைப் பிடித்து, “எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாவ. அந்தப் பிள்ள சொல்லும்னும் சொன்னாவ,” என்றார்கள்.

நீங்கள் இரண்டாம் தடவை கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்று வீடுவரைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட அந்த மூன்று வருடத்தைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.