முன் மேசைக்குத் திரும்பிய சின்னவள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தங்கை ஏன் வீடியோவில் முகம் காட்டுவதில்லை என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம். அவளுக்கு மேலுதட்டிலும் மோவாயிலும் முடி வளர்கிறது, பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள், இந்த வருஷம் கூடிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை உனக்குத் தெரியும், வருகிறவர் முகத்துக்கு நேராகக் குனிந்து ஃபிரேமைச் சரிபார்க்க வேண்டும். யாரோ ஒரு அம்மாள் உற்றுப் பார்த்தாராம், அன்றே முதலாளியிடம் சொல்லிப் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் போய்விட்டாள். அங்கே முகக்கவசம் போட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் அதைக் கழற்றாமல், சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அம்மா அவளைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தம் சோதித்து, ஸ்கேன் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று காலையும் மாலையும் தடவ ஒரு கிரீம் கொடுத்தார். அதற்குப் பிறகு இவர்கள் அடித்த கூத்தைக் கேள். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமாம், முடி பிடுங்குவதையே நிறுத்திவிட்டார்கள். உரம் போட்ட மாதிரி வளர்ந்தது. அம்மா டியூபைக் குப்பையில் போட்டாள், நான் எடுத்துத் துடைத்து, சின்னவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். “இது முடியை உதிர்க்கிற மருந்து இல்லைங்க, வளர்ற வேகத்தைத்தான் குறைக்கும். எடுக்கிறதை எப்பவும்போல எடுக்கணும். தடவுறதை விட்டா பழையபடி வந்துடும்” என்றார். சின்னவள் முகம் தொங்கிப்போனது, அடியோடு போய்விடும் என்று நம்பியிருந்தாள் பாவம். ஆனாலும் விடாமல் தடவினாள், முதலில் கொஞ்சம் எரிந்தது, பிறகு பழகிவிட்டது. மாதங்கள் போய், இப்போது முளைப்பது மெலிசாகத்தான் முளைக்கிறது, தினமும் பிடுங்க வேண்டியதில்லை.

போன வாரம் என் கண்ணாடி தளர்ந்து மூக்கில் வழிந்ததால் கடைக்குப் போனேன். முன் மேசையில் நின்றவள் அவள்தான், முகக்கவசம் இல்லை. கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டுக் கிட்டே குனிந்து பார்த்தாள். மோவாயில் ஒன்றிரண்டு இருந்தன. நான் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது, விலகவில்லை. “ஆடாம உக்காருங்கப்பா” என்றாள்.

விளம்பரம் பார்த்து வேறு கிரீம் எதையும் வாங்கி அனுப்பிவிடாதே. இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நிறைவாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வீடியோவிலேயே கூப்பிடு. அவள்தான் எடுப்பாள்.

உன் நலம் நினைத்தபடியே,
அப்பா