இரண்டு தட்டும் சிவந்தன

வியாழக்கிழமை, விளாங்குடி.

பரவை முத்தையா அண்ணனின் உடைந்த கால் இன்னும் கூடவில்லை. ஆராய்ச்சிக்கென்று அவர் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை எங்கள் லேபில் இரண்டு தட்டுகளில் வளர்த்து, ஒரு பாதிக்கு எலும்பை வளர்க்கும் ஜீனைச் செலுத்தியிருந்தேன். மறுபாதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டிருந்தேன். இன்று சாயம் ஊற்றினோம். எலும்புச் சுண்ணாம்பு படிந்திருந்தால் தட்டு சிவக்கும்.

ஜீன் போட்ட தட்டு சிவந்தது. துள்ளிவிட்டேன். ஜீன் போடாத தட்டும் அதே போலச் சிவந்தது.

ஜூனியர் கவிதாவைக் கேட்டேன்.

"நீங்க லீவுல இருந்தப்ப நான்தானக்கா செல்லுக்குத் தீனி ஊத்துனேன். மத்த தட்டுக்கெல்லாம் சத்தானது போகுது, இது ரெண்டும் பாவம்னு அதையே ஊத்திட்டேன்."

அந்தச் சத்தான தீனியில் எலும்பு வளர்க்கும் மருந்து கலந்திருக்கிறது. சிவந்தது ஜீனாலா, மருந்தாலா? இனி யாராலும் சொல்ல முடியாது. அவளை அறையக் கை வந்தது.

ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணனின் போன்.

"என்ன தாயி, செவந்துருச்சா?"

"செவந்துருச்சுண்ணே."

"அம்புட்டுத்தான்! இனி எங்காலு கூடிரும்." பக்கத்திலிருந்த மனைவியிடம் கத்திச் சொன்னார்.

சாயம் ஊற்றியதோடு செல்கள் தீர்ந்துவிட்டன, மறுபடியும் உங்கள் இடுப்பில் ஊசி குத்த வேண்டும் என்று சொல்ல, நானே அவரைக் கூப்பிடுவதாக இருந்தேன்.