சகுந்தலாவின் கல் தங்கம் அல்ல

என் அருமைச் சகுந்தலா,

நீ கொடுத்துவைத்த தங்கத்தை நான் விற்றுவிட்டதாக அரியலூரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நீ கொடுத்தது தங்கமே அல்ல. தங்கம் என்று உன்னிடம் சொன்னவள் நான். என் தவறு அதுதான்.

பெரம்பலூர்ப் பக்கம் உங்கள் பருத்திக் கொல்லையில், மழைத் தண்ணீர் அறுத்துவிட்ட கரையில் கண்டெடுத்தாய். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மஞ்சள் கட்டி. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ் ஏறி, நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தாய். அண்ணன் இறந்த பிறகும் உனக்கு அண்ணி என் சொல்தான் தீர்ப்பு.

கையில் வாங்கியதுமே சந்தேகம். அந்த அளவுத் தங்கமென்றால் கையை இழுக்கும். இது அவ்வளவு கனக்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். நீ போன பிறகு, கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, உடைந்த தரை ஓட்டின் வழவழப்பில்லாத பின்பக்கத்தில் உரைத்தேன். தங்கம் மஞ்சள் கோடு போடும். இது பச்சை கலந்த கறுப்புக் கோடு போட்டது. ஓரத்தில் சுத்தியலால் தட்டினேன். தங்கம் நசுங்கும், இது உதிர்ந்து, தீக்குச்சி வாடை அடித்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த வெறும் கல்.

நீ அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "தங்கந்தானே அண்ணி?"

"தங்கம்தான்" என்றேன்.

"அப்ப நீங்களே வச்சிருங்க. முருகேசன் கையில குடுத்தா வித்துப்புடுவான். அவன் கல்யாணத்துக்குப் பொன்னுருக்கும்போது தாலியில இது கொஞ்சம் சேரணும்." பிறகு நர்ஸைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாய். "இவங்க பொய்யே சொல்ல மாட்டாங்க. நான் வச்ச கொழம்ப ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னிருப்பாங்களா, கேளு."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் புகழ்ச்சி அப்போதும் எனக்கு இனித்தது, சகுந்தலா. உன்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள முடியவில்லை. நாளை திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ கண் திறக்கவில்லை.

உன் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது. ஜெயங்கொண்டத்துப் பெண், நல்ல மாதிரி. பொன்னுருக்க நாள் பார்த்துவிட்டு முருகேசன் என்னிடம் வந்து கேட்டான். கல்லைத் துணியில் சுற்றி வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். ஈரக்காற்றில் கல் வெடித்து, வெள்ளையாகப் பூத்து, சுற்றியிருந்த துணியையும் அரித்திருந்தது.

"தங்கம் உளுத்துப் போவுமா அத்தை?" என்றான்.

உண்மையைச் சொன்னேன். ஓட்டில் உரைத்தும் காட்டினேன். "இது எங்கம்மா குடுத்ததுதான்னு நான் எப்படி நம்புறது? செத்துக்கிட்டிருந்தவங்ககிட்ட தங்கம்னீங்க. எங்கிட்ட கல்லுங்கறீங்க" என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் எழுந்து போனான்.

அவனைக் குறை சொல்ல முடியுமா? நான் உன்னிடம் பொய் சொல்லியிருப்பேன் என்பதை யாருமே ஏற்பதில்லை. களவு செய்திருப்பேன் என்பதை மட்டும் எளிதாக ஏற்கிறார்கள். வாழ்நாளெல்லாம் எல்லாரையும் திருத்திக்கொண்டிருந்ததற்கு இதுதான் பலனா? அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அழுதிருப்பாயா, "போங்க அண்ணி, உங்களுக்கு எதுதான் புடிச்சிருக்கு" என்றிருப்பாயா?

உனக்கு ஒன்று உறுதி சொல்கிறேன். பொன்னுருக்கும் அன்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், உன்னிடம் பொய் சொன்னேன் என்று என் வாயால் சொல்வேன். என் தோடு ஒன்றையும் தருவேன்; உன் கல்லுக்கு ஈடாக அல்ல, அத்தை முறைக்கு. தாலியை இழந்தவள் அங்கே வரக் கூடாது என்பார்கள். உள்ளே வர மாட்டேன். வாசலில் நின்று சொல்கிறேன்.

முருகேசா, இந்தக் கடிதத்தை உன் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன்; நீயும் படிப்பாய். போனில் வேண்டாம், யாரிடமும் சொல்லி அனுப்பவும் வேண்டாம். நான் வரலாமா, கூடாதா என்று உன் கையால் எழுதிப் பதில் போடு.

உன் அண்ணி