மணிமொழி வீட்டுப் பூவில் தூசி இல்லை

நெய்வேலி

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வடலூர் ஜோதியை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், அவர் காதில் விழ இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் இருக்கும் பன்னீர் ரோஜாவும் செம்பருத்தியும் கருகிக்கொண்டே வருகின்றன, சர்பத் போட ஒரு கை இதழ் தேறவில்லை. பூப்பதையும் மூன்று தண்ணீரில் அலசினால்தான் கரித்தூசி போகும், உனக்குத் தெரியாததா. பக்கத்து வீட்டு மணிமொழி அத்தை கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாளே, அன்று பூட்டிய வீடு பூட்டியபடியே கிடக்கிறது, குழாயையும் அடைத்துவிட்டார்கள், ஆனால் அவளுடைய சங்குப்பூக் கொடி மட்டும் மதில்மேல் நீலமாகப் பூத்துக் கொட்டுகிறது. அப்பாதான் ட்யூபை மதிலுக்கு மேலே விட்டு ஊற்றுகிறார் என்று இருந்தேன். நம்ம செடி சாவுது, அங்க என்னாத்துக்கு ஊத்திக்கினு இருக்கீங்க என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அவர் முழிக்கிறார், நான் எங்கடி ஊத்துனேன், நீதான் ஊத்திக்கினு இருக்கன்னு நெனச்சேன் என்கிறார். அந்தப் பூவைப் பறித்து அலசிப் பார்த்தேன், தண்ணீர் கறுக்கவே இல்லை நிலா.

நேற்றுக் காலை அப்பா ஷிப்டுக்குப் போனபின் துணி உலர்த்தப் போனேன். மதில்மேல் ஒரு வாழையிலைத் துண்டில் பறித்த சங்குப்பூ. பச்சைக் காம்பைக் கிள்ளி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டையும் எடுத்து வைத்திருக்கிறது. சின்ன வயதில் தொண்டையில் சிக்குகிறது என்று நீ அழுததிலிருந்து மணிமொழி உனக்கு மட்டும் அப்படிக் கிள்ளித்தான் சர்பத் போடுவாள். அதுவும் ஒரு குவியல் இல்லை, பெரிதாக ஒன்று, பக்கத்தில் குழந்தைக் கையளவு ஒன்று. மூன்று மாதம் முடியாமல் மூச்சு விடக் கூடாது என்று நான் கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லவில்லை, நீ மாசமாக இருப்பது இந்த டவுன்ஷிப்பில் எனக்கும் அப்பாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பாவம், பிள்ளையில்லாதவள், உன்னை மடியிலேயே வைத்திருந்தவள், அவளைப் பழி சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் மாசமாக இருப்பவள் சங்குப்பூ குடிக்கலாகாது என்று எனக்குச் சொன்னவளே அவள்தானடி. பயமாக இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு இங்கே வா வா என்று உன்னை நச்சரித்தவள் நான்தான், இப்போது நானே சொல்கிறேன், வராதே கண்ணு. நான் அங்கே வருகிறேன், ஆக வேண்டியதைப் பார்க்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, படியில் மெதுவாக ஏறு, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இரு. ஒன்றை மறக்காதே. ஜன்னலோரத் தொட்டியில் போட உன்னிடம் கொடுத்துவிட்ட சங்குப்பூ விதை அவள் கையால் காயவைத்தது. முளைக்கவே இல்லை, தண்ணீர் ஊற்றுவதையும் விட்டுவிட்டேன் என்றாய். இப்போதே போய் அந்த மண்ணைத் தொட்டுப் பார். ஈரமாக இருந்தால், மாப்பிள்ளைதான் ஊற்றியிருப்பார் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே, வாய் திறந்து கேள்.

உன் அம்மா
மாணிக்கம்மாள்