வீங்காத கை

பிப்ரவரி 14, புதன்

மூன்றாவது தடவையும் என் கை வீங்கவில்லை.

திங்கட்கிழமை சிஸ்டர் பெட்ரோனெல்லா முழங்கைக்குக் கீழே தோலுக்குள் டிபி சோதனை ஊசி போட்டுவிட்டுப் போனார். கிருமி உள்ளே இருந்தால் அந்த இடம் வீங்குமாம். இன்று வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். அப்பா இறந்த வருடம் இதே ஊசி போட்டபோது அம்மாவுக்கும் கர்வின் அண்ணனுக்கும் அந்த இடம் சிவந்து நாணயம்போலத் தடித்தது. எனக்கு அன்றும் ஒன்றுமில்லை, அண்ணனுக்கு முதலில் நோய் வந்தபோதும் இல்லை, இன்றும் இல்லை. கொசு கடித்த தடம்கூட இல்லை.

சிஸ்டருக்கு ஒரே சிரிப்பு. "அப்பாவுக்கு டிபி, இப்ப அண்ணனுக்கு டிபி. ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் கிருமி உனக்குள்ள தங்கவே இல்ல பாரு. உன்னை மாதிரி ஆளைத்தான் எங்க டாக்டருங்க ஊர் ஊராத் தேடறாங்க, ரோலீன்."

இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார். எங்கள் ஆட்களின் ரத்தத்தில் இந்த மண்ணின் பழைய வேட்டைக்காரர்கள், கப்பலில் பிடித்து வந்த அடிமைகள், வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கலந்திருக்கிறார்களாம். அதில் ஏதோ ஒன்று நோயைச் சீக்கிரம் உள்ளே விடுகிறதா, வேறு ஏதோ ஒன்று தடுக்கிறதா என்று பார்க்கிறார்களாம்.

அம்மா உடனே கேட்டாள்: "என் பக்கமா, அவர் பக்கமா? அவர் பக்கம்னு வந்தா மெஷின் ரிப்பேர்னு அர்த்தம் சிஸ்டர். அந்தக் குடும்பத்துல நெஞ்சு நல்லா இருந்த ஆளே கிடையாது."

கிளம்பும்போது சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். "ஆனா இது பாதுகாப்பு இல்ல. இதுவரைக்கும் வரல, அவ்வளவுதான்." அதற்குள் அம்மா வாசலுக்குப் போய் எதிர்வீட்டு செரில்டா அக்காவைச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டது நான் மட்டும்தான்.

பிப்ரவரி 17, சனி

என் படுக்கையைப் பின்முற்றத்துப் பலகைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். இனி அண்ணனோடு. அவனுக்குக் கஞ்சி, மாத்திரை, வாந்தி வந்தால் வாளி எல்லாம் என் பொறுப்பு.

அவனுக்குப் பத்தொன்பது வயது. திராட்சைத் தோட்டத்திலிருந்து இருமிக்கொண்டே திரும்பி வந்தான். இது இரண்டாவது தடவை. முதல் தடவை உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டவன்.

அம்மா சொன்னாள்: "பேரிக்கா சீசன் முடியறவரைக்கும் நான் படுக்க முடியாதும்மா. ஒரு நாள் இருமினாப் போதும், மறுநாள் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். உன்னை அது ஒண்ணும் பண்ணாது."

சிஸ்டர் சொன்ன மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கன்னத்தைப் பிடித்து, "ஒண்ணாவது எனக்கு மிஞ்சிச்சே" என்றாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சொல்லவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

அப்பா இந்தக் கொட்டகையில்தான் செத்தார். இந்தக் கட்டில்தான்.

அவர் இருமல் எனக்கு மனப்பாடம். இரண்டு குட்டை இருமல், ஓர் இடைவெளி, பிறகு தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் நீளமாக ஒன்று. அந்த இடைவெளிதான் பயம். அப்பா மூச்சுக்காகக் காத்திருக்கும் நேரம் அது.

அண்ணன் இப்போது தூங்குகிறான். ஆனால் இருமுவது அப்பா.

கைபேசி வெளிச்சத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் அந்த இடைவெளியை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

மார்ச் 2, வெள்ளி

அண்ணன் கஞ்சியைத் தள்ளிவிட்டான். "இரும்புக்குட்டி, நீயே குடி. டாக்டருங்க உன்னைப் பாட்டில்ல போட்டு வெக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் சதை போடு."

"நீ முதல்ல போடு. திராட்சைக்கொடி வெட்டிப்போட்ட மாதிரி கிடக்கே."

சிரித்தான். சிரிப்பு இருமலானது. முன்பெல்லாம் சுவர் பக்கம் திரும்பி, துணியை வாயில் பொத்திக்கொள்வான். இன்று திரும்பவில்லை. நான் பின்னால் நகர்ந்ததைப் பார்த்துவிட்டான்.

"உனக்குத்தான் வராதே. அப்புறம் என்ன?"

திட்டவில்லை. கெஞ்சுவதுபோல்தான் கேட்டான். ஒருத்தர் முன்னாலாவது முகத்தை மூடாமல் இருக்க அவனுக்கு ஆசை. நகர்ந்த இடத்திலிருந்து திரும்பிவந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 12, திங்கள்

மாத்திரையை இன்றும் வாந்தி எடுத்தான். வாளியைக் கழுவத் தண்ணீர் இல்லை. இந்த வருடம் மழையே இல்லாததால் குழாயில் காலையும் மாலையும் மட்டும்தான். மண்ணைப் போட்டு மூடினேன்.

மார்ச் 25, ஞாயிறு

தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் செரில்டா அக்கா தன் மகன் லுசாண்டோவை என் மடியில் வைத்தாள். நாலு மாதக் குழந்தை. அவளுடைய அக்காவும் இந்த நோயில்தான் போனாள். அதனால் பயம்.

"கொஞ்ச நேரம் வெச்சிருடா கண்ணு. உங்கிட்ட இருக்கறது இவனுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கட்டும்."

அம்மா கலகலவென்று சிரித்தாள். "ஒட்டறதுக்கு இவ என்ன ஜாமா, செரில்டா?" ஆனால் தடுக்கவில்லை. பெருமை.

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. இனி ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுவருகிறாளாம்.

ஏப்ரல் 22, ஞாயிறு

நான் இருமினேன்.

தூசியாக இருக்கலாம். அறுவடை முடிந்து தோட்டத்துப் பக்கமெல்லாம் ஒரே புழுதி. சளியாக இருக்கலாம்.

ஏப்ரல் 27, வெள்ளி

விடியும்போது விழித்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலையணையும் ஈரம். குளிர்காலம் நெருங்குகிறது, வெளியே குளிர். மலைமேல் மேகம். எதற்கு வேர்க்கிறது? பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருக்கிறேன்.

காலையில் தனியாகக் கழிப்பறையில் இருமிப் பார்த்தேன். இரண்டு குட்டையாக. அப்புறம் இடைவெளி. நானே காத்திருந்தேன், மூன்றாவது வருமா என்று. வந்தது. அது என் குரல் இல்லை. சத்தியமா என் குரல் இல்லை.

அப்பா, போப்பா. என்னை விட்டுப் போயிடுப்பா.

ஏப்ரல் 29, ஞாயிறு

லுசாண்டோவை மடியில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வரைக்கும் எண்ண முடிந்தது. பிறகு முகத்தைத் திருப்பி மூச்சு விட்டேன், மறுபடி பிடித்தேன். "பல்லு வலியா?" என்று செரில்டா அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்று மட்டும் இல்லை. போன ஞாயிறும் வைத்திருந்தேன். அன்றும் இருமல் வந்திருந்தது. அன்று மூச்சைப் பிடிக்கவில்லை.

சொன்னால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை? ஒரு பக்கமும் நகர முடியவில்லை.

மே 6, ஞாயிறு

இப்போதே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணினாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு செரில்டா அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அதனால் இன்று மடி போதாது என்று நினைத்துவிட்டாள். குழந்தையின் முகத்தை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "இவன் வாய்கிட்ட ஒரு ஊது ஊதிவிடு கண்ணு. ஒரே ஒரு தடவை."

குழந்தை வாயைத் திறந்து சிரித்தான். ஈறு தெரிந்தது.

"மாட்டேன்."

"என்னடி, ஊதறதுக்குக் காசா கேக்கற?"

"ரோலீன், ஊதிவிடேன். அக்கா கேக்கறாங்கல்ல," என்று அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "டாக்டருங்க ரெண்டு குழாய் எடுத்தாலும் எடுத்தாங்க, தலைக்கனம் வந்துடுச்சு."

சுவர் வரைக்கும் பின்னால் போனேன். "கிட்ட கொண்டுவராதீங்க. நான் இருமறேன். ரெண்டு வாரமா இருமறேன். ராத்திரி வேர்க்குது. அவனை எங்கிட்ட கொண்டுவராதீங்க!"

சொல்லும்போதே வந்துவிட்டது. மூன்றும்.

செரில்டா அக்கா குழந்தையின் முகத்தைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு ஓடினாள். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடக்கிறது.

"பொய் சொல்றா," என்று அம்மா சொன்னாள். யாரிடம்? அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல, பொய் சொல்றா."

மே 8, செவ்வாய்

அம்மா வேலைக்குப் போகவில்லை. விடிவதற்குள் எழுப்பி கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.  வெளியே வேலிப் பக்கம் நின்று டப்பாவில் துப்பச் சொன்னார்கள். அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

மே 10, வியாழன்

இருக்கிறது.

அம்மா கிளினிக்குக்கு வெளியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன்.

"ஏன்டி சொல்லல?"

"நீ சிரிச்சுட்டு இருந்தேம்மா."

 மினிபஸ்காரன் ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டு வந்தபோது அம்மா என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான்தானே உன்னை அங்க கொண்டுபோய்ப் படுக்க வெச்சேன்," என்றாள். மினிபஸ் நிற்காமல் போய்விட்டது.

மே 15, செவ்வாய்

மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறம். அண்ணனிடம் சொன்னேன். "வா வா, நம்ம கட்சிக்கு ஆள் குறைச்சலா இருந்துச்சு," என்றான். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். ரொம்ப நேரம் திரும்பியே இருந்தான்.

ஜூன் 3, ஞாயிறு

சிஸ்டர் பெட்ரோனெல்லா விடுமுறை நாளில் வந்தார், சீருடை இல்லாமல். பூப்போட்ட சட்டையில் வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது," என்றார். "மத்ததை அம்மாவை உட்கார வெச்சுச் சொல்லியிருக்கணும்."

"எனக்குக் கேட்டுச்சு சிஸ்டர்."

"அது இன்னும் மோசம்."

இனி என் ரத்தம் தேவைப்படாதே என்றேன். குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். "இத்தனை வருஷம் ஏன் வரல, இப்ப ஏன் வந்துச்சு? ரெண்டுக்கும் எங்களுக்குப் பதில் தெரியாது. நீ கொடுத்தா வாங்கிக்குவோம். வேண்டாம்னா வேண்டாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லலாம் என்றே எனக்கு இதுவரை தெரியாது.

லுசாண்டோவுக்கு நோய் வராமலிருக்க மருந்து ஆரம்பித்திருக்கிறார்களாம். அவன் அப்பாவுக்கு வந்தது வெறும் காய்ச்சல்தான். "அப்போ குழந்தைக்கு ஏதாவது வந்தா, அது என்னாலதானே?" என்று கேட்டேன்.   "இந்த நோய் வந்தா குழந்தைக்கு எடை ஏறாது. மாசாமாசம் எடை போட்டுப் பார்ப்போம்," என்றார் சிஸ்டர்.

ஜூன் 19, செவ்வாய்

செரில்டா அக்கா என்னைப் பார்த்ததும் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டாள். கனவில் அந்த ஈறு வருகிறது. ஊது, ஊது என்கிறது.

ஜூலை 12, வியாழன்

கிளினிக்கில் கூட்டம். மழை பெய்ததால் எல்லாரும் உள்ளேயே நின்றோம், ஜன்னல்களை முழுக்கத் திறந்துவைத்து. குளிரில் பல் கிட்டியது.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். எத்தனை பிள்ளைங்க? அம்மா மருந்து அட்டைகளை மடியில் சரிசெய்தாள். "ரெண்டு. ரெண்டும் மாத்திரையில இருக்குதுங்க. பெரியவனுக்கு இப்ப சளியில ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு. இவளுக்கு இன்னும் நாலு மாசம்." குரலைத் தாழ்த்தவில்லை.

செரில்டா அக்காவும் இருந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு நாற்காலி காலி. யாராவது வந்து உட்கார முயன்றால் பையைத் தூக்கி அதில் வைத்தாள். லுசாண்டோ அவள் தோள்வழியாக என்னைப் பார்த்தான். நான் முகமூடியை இழுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அவனை எடைபோட உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை. 

செரில்டா அக்கா வெளியே வந்தாள். எங்களைத் தாண்டி வாசல்வரை போனாள். அங்கே நின்று குடையை விரித்தபடி, திரும்பாமல், வெளியே பெய்யும் மழையிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னாள்:

"நானூறு கிராம் ஏறியிருக்கான்."