உப்பளத்துக்கு ஒரு சன்ஸ்கிரீன்

அம்பத்தூர்

ஜீவா அப்பாவுக்குக் கோமளா வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் ஜீவா நலமா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். எங்கள் கம்பெனியில் செய்யும் சுருக்கம் போக்கும் கிரீமைக் காலையில் பூசிக்கொண்டு வெயிலில் வேலைக்கு நடந்தேன். நாலே நாளில் முகம் வெங்காயமாக உரிந்துவிட்டது.

தரம் பார்க்கும் சபீனா, பட்டாபிராம் பெண், பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாக்கா, ரெட்டினால் கிரீம் பூசிகினு வெயில்ல வந்தியா? அது ராத்திரில பூசுறதாச்சே!"

டப்பாவின் பொடி எழுத்தைக் கல்யாணப் பத்திரிகை போலப் படபடவென்று படிக்கிறாள். ஹையலுரானிக் ஆசிட் ஈரத்தைப் பிடித்துவைக்குமாம், நியாசினமைடு கருமையைக் குறைக்குமாம். "ஆனா சுருக்கத்துக்கு மெயின் காரணமே வெயிலுதான். சன்ஸ்கிரீன் இல்லாம இன்னா பூசினாலும் வேஸ்ட்டு." என்ன அறிவு அந்தப் பெண்ணுக்கு!

கேட்டதும், உப்பளத்து வெயிலில் நாள் முழுக்க உப்பு வாரும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். ஒரு டியூப் அனுப்பியிருக்கிறேன். இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உங்கள் பழைய லுங்கி ஒன்றை அனுப்புங்கள், நான் இரவில் போர்த்திக்கொள்ள.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பொங்கலுக்கு நான் வரும்வரை, எனக்குத் தெரியாமல் உங்கள் முகத்தில் ஒரு கோடுகூட விழக்கூடாது.

கோமளா